வகுப்பறையிலிருந்து நாட்டின் தலைமைக்கு: மொடிபோ கெய்டாவும் மேற்கு ஆப்பிரிக்காவின் வாத்தியார் அரசியலும்

மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் 1957லிருந்து 1960க்குள் வரிசையாக விடுதலை அடைந்தபோது யார் யார் தலைவர்களானார்கள் என்று பாருங்கள். மாலியில் மொடிபோ கெய்டா, நைஜரில் ஹமானி டியோரி, தஹோமேயில் (இன்றைய பெனின்) ஹியூபர்ட் மாகா, செனகலில் அதிபர் செங்கோர், பிரதமர் மமடு தியா, கானாவில் குவாமே என்க்ருமா, நைஜீரியாவில் பிரதமர் அபுபக்கர் தஃபாவா பலேவா. இத்தனை பேரும் ஒரு காலத்தில் கையில் சாக்பீஸ் பிடித்து வகுப்பெடுத்தவர்கள். இது எப்படி நடந்தது? வக்கீல்கள் அரசியலுக்கு வருவது உலகம் முழுக்க நடப்பதுதான், இங்கே மட்டும் ஏன் வாத்தியார்கள்?

மாலியின் முதல் அதிபர் மொடிபோ கெய்டாவின் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு போனால் இது நன்றாகப் புரியும். அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இன்று மாலி என்று சொல்லும் நாட்டுக்குக் காலனி காலத்தில் பிரெஞ்சு சூடான் என்று பெயர். எகிப்துக்குத் தெற்கே இருக்கும் சூடானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செனகல், பிரெஞ்சு சூடான், நைஜர், கினி, ஐவரி கோஸ்ட், தஹோமே, மேல் வோல்ட்டா (இன்றைய புர்கினா ஃபாஸோ), மொரிட்டேனியா ஆகிய எட்டுப் பகுதிகளைச் சேர்த்து "பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா" என்ற ஒரே நிர்வாகமாக டக்காரிலிருந்து பிரான்ஸ் ஆண்டது. கீழே சொல்லப்போவதெல்லாம் இந்தப் பரப்பில் நடந்தது.

இவ்வளவு பெரிய நிலப்பரப்பை ஆள பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆள் போதவில்லை. கணக்கு எழுத, மொழிபெயர்க்க, ஊசி போட, பாடம் நடத்த உள்ளூர் ஆட்கள் தேவைப்பட்டார்கள், ஆனால் அவர்கள் அதிகம் படித்துவிடவும் கூடாது. இந்த இரண்டு கவலைக்கும் நடுவில் உருவானதுதான் வில்லியம் போன்டி ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. 1903இல் செனகலின் செயின்ட் லூயி நகரத்தில் தொடங்கியது, 1913இல் கோரே தீவுக்கு மாறியது, 1938இல் டக்காருக்கு வெளியே செபிகோட்டானுக்குப் போனது. எட்டுப் பகுதிகளிலிருந்தும் போட்டித் தேர்வு வைத்துச் சில டஜன் மாணவர்களை மட்டும் எடுப்பார்கள். ஆசிரியர் வேலைக்கும், எழுத்தர் வேலைக்கும், மருத்துவப் படிப்புக்கும் ஆள் தயாரித்த இடம் அது. ஐவரி கோஸ்ட்டின் முதல் அதிபர் ஊஃபுவே புவானியே கூட அங்கே படித்துவிட்டுத்தான் மருத்துவம் படிக்கப் போனார்.

அங்கே கொடுத்த சான்றிதழுக்கு பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவுக்குள் மட்டும்தான் மதிப்பு. அதை வைத்துக்கொண்டு பிரான்ஸில் பல்கலைக்கழகத்தில் சேர முடியாது. அதாவது, ஒரு காலனியின் மிகக் கூர்மையான பையன்களைப் பொறுக்கி எடுத்து, ரூசோவையும் பிரெஞ்சுப் புரட்சியையும் கற்றுக்கொடுத்து, கடைசியில் "உனக்கு இதற்கு மேல் கதவு கிடையாது, போய் கிராமத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடு" என்று அனுப்பினார்கள். அதே பள்ளியில் அதே வேலை செய்யும் பிரெஞ்சு ஆசிரியருக்கு ஊதிய விகிதமே வேறு. இந்தச் சூழலில் வளர்ந்தவர்கள் கோபப்படாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, கெய்டாவுக்கு வருவோம். 1915 ஜூன் 4ஆம் தேதி பமாக்கோவில் பிறந்தவர். 1930களில் வில்லியம் போன்டியில் படித்தார். அவரைப் பற்றி அங்கிருந்த பிரெஞ்சு அதிகாரிகள் எழுதிவைத்த குறிப்பு பின்னாளில் பலரும் எடுத்துச் சொல்வது: மிகத் திறமையான ஆசிரியர், ஆனால் பிரான்ஸுக்கு எதிரானவர், இவரைக் கவனமாகக் கண்காணிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1936இல் ஆசிரியர் வேலையில் சேர்ந்தார். தெற்கே சிக்காசோ, தலைநகர் பமாக்கோ, வடக்கே டிம்பக்டு என்று பல ஊர்களில் வேலை பார்த்தார். நல்ல உயரம், இரண்டு மீட்டரை நெருங்கும் ஆள், கூட்டத்தில் எங்கே நின்றாலும் தெரிவார்.

அந்தக் காலத்து ஆசிரியர் வேலையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஒரு கிராமத்தில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஆப்பிரிக்கர் ஒருவரோ இருவரோதான். வரி நோட்டீஸ் வந்தால் வாத்தியாரிடம் போவார்கள். பட்டாளத்தில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுத, அதிகாரிக்கு மனு எழுத, அநியாயமாக அபராதம் போட்டால் என்ன செய்வது என்று கேட்க, எல்லாவற்றுக்கும் வாத்தியார். அன்றைக்கு "உள்ளூர்வாசிகள் சட்டம்" என்று ஒன்று இருந்தது. வழக்கு, விசாரணை, நீதிபதி எதுவும் இல்லாமல், ஒரு பிரெஞ்சு நிர்வாகி தன் இஷ்டத்துக்கு ஒருவரைச் சிறையில் போடலாம், அபராதம் விதிக்கலாம். அதோடு கட்டாய வேலையும் இருந்தது, சாலை போடவும் தோட்டத்தில் உழைக்கவும் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இவை இரண்டும் 1946 வரை நடைமுறையில் இருந்தன. இதையெல்லாம் தினமும் அருகிலிருந்து பார்த்து, எழுதத் தெரிந்து, சட்டத்தில் என்ன இருக்கிறது என்று வாசிக்கவும் தெரிந்த ஒரே ஆள் வாத்தியார்தான். ஊர்த் தலைவருக்கும் எல்லாம் தெரியும், ஆனால் அவரை நியமித்ததே பிரெஞ்சு நிர்வாகம்.

அடுத்தது நட்பு. போன்டியில் ஒரே விடுதியில் படுத்துறங்கிய பையன்கள் பின்னாளில் எட்டுப் பகுதிகளிலும் சிதறி வேலை பார்த்தார்கள். நைஜரில் இருப்பவருக்கும் கினியில் இருப்பவருக்கும் பொதுவாக ஒரு மொழியும், ஒரு பள்ளியும், ஒருவரையொருவர் தெரிந்த பழக்கமும் இருந்தது. வியாபாரிகளுக்கும் இப்படித் தொடர்புகள் உண்டுதான், ஆனால் அதிகாரிகள் பயன்படுத்தும் மொழியிலேயே அவர்களோடு வாதாடக்கூடிய தொடர்பு இது ஒன்றுதான்.

மூன்றாவது, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, சங்கம். பிரான்ஸில் 1936இல் இடதுசாரிக் கூட்டணி ஆட்சிக்கு வந்ததும் 1937இல் மேற்கு ஆப்பிரிக்காவிலும் தொழிற்சங்கம் வைக்கலாம் என்று ஆணை வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்து, ஆரம்பக் கல்விச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் மட்டுமே முழு உரிமையோடு சங்கம் அமைக்கலாம். படிக்காத கூலியாட்களைத் தடுப்பதற்காகப் போட்ட வேலி இது. அதன் விளைவு என்ன என்றால், சட்டப்படி கூட்டம் போடவும், சந்தா வாங்கவும், செயலாளரைத் தேர்ந்தெடுக்கவும், அதிகாரியோடு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேசவும் முதலில் பழகியவர்களில் ஆசிரியர்கள் முன்வரிசையில் நின்றார்கள். மேல் வோல்ட்டாவைச் சேர்ந்த உவெசின் கூலிபாலி என்ற இன்னொரு போன்டி ஆளோடு சேர்ந்து கெய்டா ஆசிரியர் சங்கத்தைக் கட்டினார். கட்சி என்ற ஒன்று வருவதற்கு முன்பே கட்சி நடத்தும் வேலையை இவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

நாடகமும் ஒரு வழியாக இருந்தது. போன்டி மாணவர்களுக்கு விடுமுறையில் சொந்த ஊர் வழக்கங்களையும் கதைகளையும் எழுதிவரச் சொல்வார்கள், அதை வைத்து நாடகம் போடுவார்கள், 1937இல் பாரிஸ் கண்காட்சி வரைக்கும் கொண்டுபோய் நடித்துக்காட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது வேடிக்கை. மாணவர்களுக்கு அது தங்கள் பழைய அரசர்களைப் பற்றி மேடையில் நின்று பேசக் கிடைத்த வாய்ப்பு. கெய்டாவும் பமாக்கோவில் கலைக்குழுக்கள், இளைஞர் அமைப்புகளில் மும்முரமாக இருந்தார். அப்புறம் 1943இல் "கெனெதுகுவின் கண்" என்ற பெயரில் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். கெனெதுகு என்பது சிக்காசோவைத் தலைநகராகக் கொண்டு 1898 வரை பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்ற ராஜ்யம். அந்தப் பெயரை வைத்ததே ஒரு சவால்தான். காலனி ஆட்சியைத் திட்டி எழுதியதற்காகப் பின்னால் பாரிஸ் கொண்டுபோய் லா சாந்தே சிறையில் மூன்று வாரம் வைத்தார்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் நிலைமை மாறியது. 1945இல் பிரான்ஸின் அரசியல் நிர்ணய சபைக்கு ஆப்பிரிக்கப் பகுதிகளிலிருந்தும் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். எல்லோருக்கும் ஓட்டு இல்லை. அரசு ஊழியர்கள், பள்ளிச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள், முன்னாள் ராணுவத்தினர், ஊர்த் தலைவர்கள் என்று சில வகையினருக்கு மட்டும். வேட்பாளரோ பாரிஸ் போய் பிரெஞ்சில் பேச வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், யார் மிஞ்சுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். பிரெஞ்சு சூடானில் ஜெயித்தவர் ஃபிலி டாபோ சிஸ்ஸோகோ. அவரும் போன்டியில் படித்த ஆசிரியர், கவிஞர், பரம்பரைத் தலைமைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவரை எதிர்த்து எழுந்த கட்சியின் தலைவர் மமடு கொனாட்டே, அவரும் ஆசிரியர், பமாக்கோவில் பலருக்குப் பாடம் நடத்தியவர். கொனாட்டேவுக்கு அடுத்த நிலையில் கெய்டா. ஆக, ஆளும் தரப்புக்கு நெருக்கமான கட்சிக்கும் வாத்தியார், எதிர்க்கட்சிக்கும் வாத்தியார். இதை மறந்துவிடக்கூடாது. "வாத்தியார் என்றால் போராளி" என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள் சிஸ்ஸோகோவைப் போன்றவர்களைக் காணாமல் அடித்துவிடுகிறார்கள்.

1946 அக்டோபரில் பமாக்கோவில் ஒரு பெரிய மாநாடு கூடியது. பல பகுதிகளின் கட்சிகள் சேர்ந்து ஆப்பிரிக்க ஜனநாயகப் பேரணி என்ற கூட்டமைப்பை உருவாக்கின, ஊஃபுவே புவானி தலைவர். சூடானில் அதன் கிளை, கொனாட்டே தலைமையிலான சூடான் ஒன்றியம். கெய்டா அதன் பொதுச்செயலாளர். 1948இல் சூடான் பிரதேச சபைக்குத் தேர்வானார்.

ஆனால் அவர் இன்னும் அரசு ஆசிரியர்தான் என்பதால் நிர்வாகத்தின் கையில் ஒரு கயிறு இருந்தது: இடமாற்றம். நாம் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்துறது என்று சொல்வோமே, அதேதான். 1950இல் அவரை டிம்பக்டுவுக்குப் பக்கத்தில் கபாராவில் நாடோடி மக்களின் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அனுப்பினார்கள். சகாராவின் விளிம்பு, தலைநகரிலிருந்து பல நாள் பயணம், கட்சிக்காரர்களின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாத தூரம் என்பதுதான் திட்டம். கெய்டா அங்கே போய் வேலை பார்த்தார், அங்கேயும் ஆட்களைச் சேர்த்தார். காலனி நிர்வாகம் தனக்குப் பிடிக்காத ஆசிரியர்களை இப்படி மாற்றிக்கொண்டே இருந்ததால்தான் அந்தக் கட்சிக்கு மூலைமுடுக்கெல்லாம் கிளை கிடைத்தது என்று எனக்குத் தோன்றும். சொந்தச் செலவில் அப்படிப் பயணம் செய்ய எந்தக் கட்சிக்கும் அன்று வசதி இல்லை.

1956 திருப்புமுனை. மே மாதம் கொனாட்டே நோயில் இறந்துபோனார், கட்சி கெய்டாவின் தோளில் விழுந்தது. அதே ஆண்டு பமாக்கோ நகரத் தலைவரானார், பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார், அந்தச் சபையின் துணைத் தலைவர்களில் ஒருவராகவும் இருந்தார். 1957, 1958இல் இரண்டு பிரெஞ்சு அரசுகளில் இணையமைச்சர் போன்ற பதவியும் வகித்தார். காலனி ஆசிரியராகச் சம்பளப் பாகுபாட்டுக்கு எதிராகக் குரல் கொடுத்தவர் பாரிஸில் அமைச்சரவை வரை போயிருக்கிறார். இதற்கிடையில் எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது, 1957 பிரதேசத் தேர்தலில் சூடான் ஒன்றியம் சிஸ்ஸோகோவின் கட்சியை ஓரங்கட்டியது.

விடுதலை நெருங்கும்போது கெய்டாவின் பெரிய கனவு, எட்டுப் பகுதிகளும் எட்டுத் துண்டாகச் சிதறாமல் ஒரே நாடாக வேண்டும் என்பது. கடைசியில் செனகலும் சூடானும் மட்டும் சேர்ந்து 1959 ஏப்ரலில் மாலி கூட்டாட்சியை அமைத்தன, 1960 ஜூன் 20 அன்று விடுதலையும் பெற்றன. பிரதமர் கெய்டா, அவருக்கு அடுத்தவர் மமடு தியா, கூட்டாட்சி சபைத் தலைவர் செங்கோர். மூவருமே முன்னாள் ஆசிரியர்கள். தியா போன்டியில் படித்தவர், செங்கோர் பிரான்ஸின் டூர் நகரத்தில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு லத்தீனும் கிரேக்கமும் நடத்தியவர். இரண்டே மாதம்தான் தாங்கியது. அதிபர் யார், அதிகாரம் மையத்தில் இருப்பதா பகுதிகளில் இருப்பதா என்ற சண்டை முற்றி, ஆகஸ்ட் 19 இரவு கெய்டா தியாவிடமிருந்து பாதுகாப்புப் பொறுப்பைப் பறித்தார். செனகல் தரப்பு உடனே தனியே பிரிவதாக அறிவித்தது, கெய்டாவைக் காவலில் வைத்தது, பிறகு பூட்டிய ரயிலில் ஏற்றி பமாக்கோவுக்கு அனுப்பிவைத்தது. செப்டம்பர் 22 அன்று அவர் சூடானை மாலி குடியரசாக அறிவித்தார். டக்கார் ரயில் பாதையை 1963 வரை மூடிவைத்தார்கள். கடலே இல்லாத ஒரு நாட்டுக்குத் துறைமுகத்துக்குப் போகும் ஒரே ரயில் பாதை அது. அந்த வலி பிறகு பொருளாதாரத்தில் தெரிந்தது.

அதிபரான பிறகு என்ன செய்தார்? முதலில் அவருக்கு மிகத் தெரிந்த இடத்தில் கை வைத்தார். விடுதலை நேரத்தில் மாலியில் நூற்றுக்குப் பத்துப் பிள்ளைகள்கூடப் பள்ளிக்குப் போகவில்லை. 1962இல் கல்விச் சீர்திருத்தம் வந்தது: எல்லோருக்கும் கல்வி, அதே நேரத்தில் தரமான கல்வி, பாடத்தில் ஆப்பிரிக்க வரலாறும் ஆப்பிரிக்க மதிப்புகளும். காலனி ஆட்சி கொடுத்த சான்றிதழின் மதிப்புக்குறைவை நேரில் அனுபவித்தவர்கள் எழுதிய சட்டம் என்பது அதை வாசித்தாலே தெரியும். சான்றிதழ்கள் வெளிநாட்டிலும் செல்லும் தரத்தில் இருக்க வேண்டும் என்பதை ஒரு குறிக்கோளாகவே எழுதிவைத்தார்கள். என்னைக் கேட்டால் அவருடைய ஆட்சியின் மிகச் சிறந்த பகுதி இதுதான்.

வெளிநாட்டு விவகாரத்திலும் துணிச்சலாக இருந்தார். 1961இல் பிரெஞ்சு ராணுவத் தளங்களை நாட்டைவிட்டு வெளியேற்றினார். அந்த ஆண்டு பெல்கிரேடில் நடந்த அணிசேரா நாடுகள் மாநாடு முடிந்ததும், உலகப்போர் வராமல் தடுக்கச் சொல்லி இரண்டு வல்லரசுகளுக்கும் தூதர்களை அனுப்பினார்கள். நேருவும் என்க்ருமாவும் மாஸ்கோவுக்கு, சுகர்னோவும் கெய்டாவும் வாஷிங்டனுக்கு கென்னடியைப் பார்க்கப் போனார்கள். 1963இல் அல்ஜீரியாவும் மொராக்கோவும் எல்லைக்காக மோதியபோது இருவரையும் பமாக்கோவுக்கு வரவழைத்துப் போர்நிறுத்தம் பேசவைத்ததில் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியோடு கெய்டாவுக்கும் பங்கு உண்டு.

பொருளாதாரம்தான் அவரைச் சாய்த்தது. சோசலிசப் பாதை என்று அறிவித்து, ஏற்றுமதி இறக்குமதியை ஒரே அரசு நிறுவனத்தின் கையில் கொடுத்தார். 1962 ஜூலையில் பிரெஞ்சு பிராங்க் வட்டாரத்தைவிட்டு வெளியேறி மாலிக்கென்று சொந்த நாணயம் வெளியிட்டார். பல நூறு வருடமாக எல்லை தாண்டி வியாபாரம் செய்து வாழ்ந்த ஜூலா வணிகர்களுக்கு இது பேரிடி, புதுப் பணத்தைப் பக்கத்து நாட்டில் யாரும் வாங்க மாட்டார்கள். அந்த மாதமே பமாக்கோவில் வியாபாரிகள் தெருவில் இறங்கினார்கள். அதைச் சதி என்று சொல்லி சிஸ்ஸோகோவையும் இன்னொரு மூத்த எதிர்க்கட்சித் தலைவர் ஹமதூன் டிக்கோவையும் கைது செய்து மரண தண்டனை விதித்தார்கள், பிறகு அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். இருவரும் வடக்கே பாலைவனத்திலிருந்த கிடால் சிறைக்கு அனுப்பப்பட்டு 1964இல் அங்கே காவலிலேயே இறந்தார்கள்.

இந்த இடத்தைக் கெய்டாவின் ரசிகர்கள் வேகமாகக் கடந்துபோவார்கள். நான் கடக்க விரும்பவில்லை. விசாரணை இல்லாமல் மனிதர்களைச் சிறையில் தள்ளிய காலனிச் சட்டத்தை எதிர்த்து அரசியலுக்கு வந்தவர் அவர். தன்னோடு அதே பள்ளியின் பெயரைச் சுமந்த ஒரு மூத்த ஆசிரியர் தன் ஆட்சியின் சிறையில் செத்துப்போனதற்கு அவர் பொறுப்பாளி.

பிறகு கிராமங்களிலும் கசப்பு கூடியது. விவசாயிகள் தானியத்தை அரசுக்குக் குறைந்த விலையில் விற்க வேண்டும், கூட்டு வயலில் வேலை செய்ய வேண்டும், கட்சியின் இளைஞர் படை சாலையில் நிறுத்திச் சோதனை போடும். இதில் வாத்தியார் குணம் ஒன்று இருப்பதாக நினைக்கிறேன்: சரியான பாடம் நம்மிடம் இருக்கிறது, மக்கள் அதைக் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் கண்டிப்பு போதும் என்ற நம்பிக்கை. வியாபாரியும் விவசாயியும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இல்லை, அவர்களுக்குத் தங்கள் தொழில் வாத்தியாரைவிட நன்றாகத் தெரியும். கையில் பணம் இல்லாமல் 1967இல் மறுபடியும் பிரான்ஸிடமே போய் ஒப்பந்தம் போட்டார்கள், நாணயத்தின் மதிப்பைப் பாதியாகக் குறைத்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் கட்சியின் உயர்மட்டக் குழுவையே கலைத்துவிட்டுப் புரட்சிப் பாதுகாப்புக் குழு ஒன்றின் பெயரில் ஆளத் தொடங்கினார். தேர்தல் அரசியலில் வளர்ந்தவர் தேர்தலையே மதிக்காத இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

1968 நவம்பர் 19 அன்று மூசா திராவோரே என்ற லெப்டினன்ட் தலைமையில் இளம் அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். மொப்தியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கெய்டாவை வழியிலேயே கைது செய்தார்கள். கிடால் சிறைக்கே அவரையும் அனுப்பினார்கள். விசாரணை என்று ஒன்று கடைசிவரை நடக்கவில்லை. 1977 மே 16 அன்று பமாக்கோவில் காவலில் இருக்கும்போதே இறந்தார், வயது 61. அரசு வானொலி அந்தச் செய்தியை "ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் மொடிபோ கெய்டா" இறந்துவிட்டார் என்று வாசித்தது. நாட்டின் முதல் அதிபர் என்ற சொல்லே வரவில்லை. அவரைச் சிறுமைப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார்கள், ஆனால் கேட்டவர்கள் பெரும் கூட்டமாக இறுதி ஊர்வலத்துக்கு வந்து சேர்ந்தார்கள், அதற்காகப் பலர் கைதானார்கள்.

மற்ற வாத்தியார் தலைவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதிதான்: மாகா 1963இல், என்க்ருமா 1966இல், டியோரி 1974இல் ராணுவத்திடம் ஆட்சியை இழந்தார்கள், பலேவா 1966 ஜனவரிப் புரட்சியில் கொல்லப்பட்டார். பள்ளியும் சங்கமும் கொடுத்த பலம் ஓட்டுப்பெட்டி வரைக்கும் கொண்டுபோனது, துப்பாக்கிக்கு முன் அது நிற்கவில்லை. செங்கோர் மட்டும் 1980இன் கடைசி நாளில் தானாகவே பதவி விலகினார், அவரும் 1962இல் தன் பழைய தோழர் தியாவைச் சிறையில் வைத்தவர்தான்.

மாலியில் திராவோரே ஆட்சி 1991 மார்ச்சில் மக்கள் எழுச்சியில் கவிழ்ந்தது. 1992 தேர்தலில் ஜெயித்து வந்தவர் அல்ஃபா ஊமர் கொனாரே, வரலாறு படித்து வரலாறு கற்பித்தவர், அவரும் பமாக்கோவின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வழியாக வந்தவர். அவர் காலத்தில்தான் கெய்டாவுக்குரிய மரியாதை திரும்பியது. 1999இல் பமாக்கோவில் நினைவிடம் திறந்தார்கள், இன்று அந்நகரின் விமான நிலையமும் ஒரு விளையாட்டு அரங்கமும் அவர் பெயரில் இருக்கின்றன. அவரைப் பற்றி மேலும் படிக்க ஆரம்பிப்பவர்கள் சிஸ்ஸோகோவைப் பற்றியும் கூடவே தேடிப் படியுங்கள், ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவரைப் புரிந்துகொள்ள முடியாது.